தீவுகளைக் கடந்து வந்த ரஜூலா

ஜார்ஜ்டவுனில் கோர்ன்வாலிஸ் கோட்டையைத் தாண்டிக் கடலோரமாக நடந்தால் சில நிமிடங்களில் சுவெட்டன்ஹாம் கப்பல்துறையை அடையலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட அத்துறையில் இன்று உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. அவற்றுள் சில ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் மேற்பட்டவை. அத்தகைய கப்பல் ஒன்று வந்துவிட்டால் கரையிலுள்ள பழைய கட்டடங்கள் பொம்மை வீடுகளைப் போல் சிறுத்துவிடும். கடலே கண்ணுக்குத் தெரியாது.

எப்போதாவது சிறிய பயணிகள் கப்பல்களும் இங்கே வருவதுண்டு. நான்கு பாய்மரங்களைக் கொண்ட ‘ஸ்டார் கிளிப்பர்’ அவற்றுள் ஒன்று. 1992இல் சேவைக்கு வந்த அக்கப்பலில் ஏறக்குறைய 170 பயணிகள்தாம் செல்ல முடியும். பினாங்கு, லங்காவி, தாய்லாந்தின் புக்கெட் ஆகிய இடங்களுக்கு இடையிலுள்ள தீவுகளைச் சுற்றி வந்த கப்பல் அது. பெரிய கப்பலுக்கு ஆழமான நீரும் நீண்ட துறைமேடையும் வேண்டும். சிறிய கப்பலோ தீவை ஒட்டி நங்கூரமிட்டு, பயணிகளைப் படகுகளில் ஏற்றிக் கரைக்கு அனுப்பிவிடும். கப்பல்துறையே இல்லாத தீவில்கூட அதன் பயணிகள் மணலில் கால் வைக்கலாம்.

இப்பயணங்கள் பெரும்பாலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை நடைபெறுவதற்குக் காரணம் உண்டு. அம்மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரங்கானு கரைகளைத் தாக்கும். தீபகற்பத்தின் மலைத்தொடர் அக்காற்றைத் தடுத்துவிடுவதால் மேற்குக் கரைக் கடல் அமைதியாக இருக்கும். மே மாதத்திற்குப் பிறகு நிலைமை மாறும். தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தமான் கடல் கொந்தளிக்கும். மலாக்கா நீரிணையில் ‘சுமத்திராஸ்’ எனப்படும் புயற்காற்று விடியற்காலையில் திடீரென இடிமழையுடன் வீசும்.

தீவுகளுக்கு இடையே கப்பலில் செல்வது இக்காலத்தில் விலை மிகுந்த பொழுதுபோக்கு. ஆயினும், இதே கடல்வழியில், இதே தீவுகளைக் கடந்து, நம் முன்னோர் பல்லாயிரவர் கப்பலில் வந்திருக்கின்றனர். அவர்கள் சுற்றுலாவுக்காக வரவில்லை. உங்கள் வீட்டில் எண்பது வயதைக் கடந்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால், ‘எந்தக் கப்பலில் வந்தீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் இங்கேயே பிறந்தவர்களாக இருந்தாலும், தம் பெற்றோர் வந்த கப்பலின் பெயரைக் கேட்டிருப்பார்கள். ‘ரஜூலா’ என்ற பெயர் வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

ரஜூலா 1926ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட நீராவிக் கப்பல். ‘பிரிட்டிஷ் இந்தியா’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்துக்குச் சொந்தமானது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்ஹாம் துறைமுகம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் ஆகியவையே அது வழக்கமாகத் தொட்டுச் சென்ற இடங்கள். அதன் எடையளவு ஏறக்குறைய 8,500 டன். நீளம் ஏறக்குறைய 145 மீட்டர்; அதாவது ஒன்றரைக் காற்பந்துத் திடலுக்குச் சற்றுக் குறைவு. அகலம் ஏறக்குறைய 19 மீட்டர். இன்று சுவெட்டன்ஹாம் கப்பல்துறையில் அதைக் கொண்டுவந்து நிறுத்தினால் சிறிய கப்பல் என்றே சொல்வோம்.

அந்தச் சிறிய கப்பலுக்கு, தொடக்கத்தில், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றிச் செல்ல உரிமம் வழங்கப்பட்டிருந்தது. ஆயிரம் மாணவர்கள் பயிலும் ஐந்து இடைநிலைப்பள்ளிகளை ஒரே கப்பலில் ஏற்றினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பயணத்திலும் அத்தனை பேர் ஏறினர் என்று கொள்ள வேண்டியதில்லை. எனினும், அத்தனை பேரை ஏற்றலாம் என்று சட்டம் ஒப்புக்கொண்டதே அக்காலத்தில் இம்மக்களுக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதைக் காட்டிவிடுகிறது.

கேபின் எனப்படும் அறைகள் மிகச் சிலருக்கே கிடைத்தன. மற்றவர்கள் ‘டெக் பயணிகள்’. டெக் என்றால் கப்பலின் தளம். டெக் பயணச்சீட்டு வாங்கியவருக்குக் கட்டிலும் இல்லை, அறையும் இல்லை; தளத்தில் பாய் விரிக்கும் அளவுக்கு இடம் உண்டு, அவ்வளவுதான். திறந்த தளத்தில் சிலருக்கு இடம் கிடைத்தது. அதற்குக் கீழே, காற்றோட்டம் குறைந்த அடித்தளங்களில் பலர் படுத்துக்கொண்டனர்.

பயணம் நாகப்பட்டினத்தில் தொடங்கும்போதே கடுமையாகத் தொடங்கியது. அங்குக் கடல் ஆழம் குறைந்தது. எனவே, கப்பல் கரைக்கு வராமல் வெகுதொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் பெரிய படகுகளில் ஏறி அலைகளைத் தாண்டிக் கப்பலின் பக்கத்தை அடைய வேண்டும். படகு அலையில் மேலெழும் நொடி பார்த்துக் கப்பலின் ஏணியைப் பற்ற வேண்டும். கைக்குழந்தையோடு வந்த தாய்மாருக்கும் முதியோருக்கும் அந்த ஒரு நொடியே பெரிய சோதனையாக இருந்திருக்கும். துணிமூட்டை, தகரப்பெட்டி, ஊறுகாய்ச் சாடி, சுருட்டிய பாய் ஆகியவை அவர்கள் பின்னால் ஏறின.

தோட்ட வேலைக்காக வந்தவர்கள் கப்பலுக்கு வருமுன்பே சில நாள்களை முகாமில் கழித்திருப்பார்கள். சென்னையை அடுத்த ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் அதற்கென முகாம்கள் இருந்தன. அங்கே அவர்களுக்கு அம்மைப்பால் குத்தப்பட்டது, உடல்நிலை பார்க்கப்பட்டது. 1907இல் தொடங்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதியிலிருந்து அவர்களுடைய கப்பல் கட்டணம் செலுத்தப்பட்டது. அந்நிதிக்குப் பணம் கட்டியவர்கள் தொழிலாளர்களை வேலைக்கு அமர்த்திய முதலாளிகள். ஆகவே, ‘இலவசப் பயணம்’ என்று சொல்லப்பட்டாலும், பால்மரக் காட்டில் வேலை செய்ய ஆள் வேண்டும் என்ற தேவையே அந்தக் கட்டணத்தைச் செலுத்தியது.

எல்லா டெக் பயணிகளும் தோட்டத் தொழிலாளர்கள் அல்லர். நாகூர், நாகப்பட்டினம் வட்டாரத்து முஸ்லிம் வணிகர்கள், செட்டியார் கடைகளில் கணக்கெழுத வந்த இளைஞர்கள், பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர்கள், கணவரிடம் வந்துசேரப் புறப்பட்ட பெண்கள் எனப் பலவகை மக்கள் அந்தத் தளத்தில் அடுத்தடுத்துப் படுத்திருந்தனர். ஊரில் ஒரே கிணற்றில் நீர் எடுக்க மறுத்தவர்கள்கூட, இங்கே ஒருவர் பாயை ஒட்டி இன்னொருவர் பாயை விரிக்க வேண்டியதாயிற்று. கடல் சாதி பார்க்கவில்லை. கப்பலில் இடமும் இல்லை.

‘பண்டாரி’ என்று அழைக்கப்பட்ட கப்பல் சமையற்காரர் பெரிய அண்டாக்களில் சோறும் குழம்பும் சமைப்பார். முதல் இரண்டு நாள்கள் பலருக்கு அந்தச் சோறு தொண்டையில் இறங்காது. வங்காள விரிகுடாவின் ஆட்டம் அப்படி. குமட்டலுக்கு மருந்தாக எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டும் ஊறுகாயை நக்கிக்கொண்டும் படுத்துக் கிடப்பார்கள். கடல் சற்று அடங்கிய பிறகே பேச்சும் பாட்டும் சீட்டாட்டமும் தொடங்கும்.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வந்துசேர ஏறக்குறைய ஐந்து நாள் ஆகும். இவ்வழியை ஒரு நிலப்படத்தில் விரலால் தொடர்ந்து பாருங்கள். விரிகுடாவின் நடுவே நீண்ட தொலைவுக்கு நீரைத் தவிர வேறொன்றும் இல்லை. பிறகு, வடக்கே நிக்கோபார் தீவுக்கூட்டத்தின் கடைசித் தீவாகிய பெரிய நிக்கோபாரும் தெற்கே சுமத்திராவின் முனையை அடுத்துள்ள சிறு தீவுகளும் வருகின்றன. அவற்றுக்கு இடைப்பட்ட அகன்ற கடல்வழியாகக் கப்பல்கள் கிழக்கே திரும்பும். அதைக் கடந்தால் சுமத்திரா ஒரு சுவர்போல் நின்று தென்மேற்கு அலைகளைத் தடுக்கும். கடலின் ஆட்டம் குறையும். நாள் கணக்கில் நிலத்தையே பார்க்காத கண்களுக்கு ஒரு நீலக்கோடு போல் தீவு தெரியும். மேல்தளத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்த முதல் வகுப்புப் பயணிக்கு அது அழகிய காட்சி. அடித்தளத்தில் இருந்தவருக்கு யாரோ கூவிச் சொன்ன செய்தி.

பினாங்கை நெருங்குவதை முதலில் அறிவிப்பது தீவின் வடமேற்கு மூலையில் உள்ள முக்கா ஹெட் கலங்கரை விளக்கம். 1883இல் கட்டப்பட்ட அவ்விளக்கம் மலைமேல் நிற்பதால் வெகுதொலைவிலிருந்தே அதன் ஒளி தெரியும். இரவில் வந்த கப்பலில் பலர் அதைக் கண்டு மூட்டை கட்டத் தொடங்கியிருப்பார்கள். அக்கரைச் சீமை வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஆனால், பலருக்குக் கால் பதிக்கும் முதல் நிலம் ஜார்ஜ்டவுன் அன்று.

ஜார்ஜ்டவுனுக்குத் தெற்கே, பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையில், ஜெரெஜாக் என்னும் சிறு தீவு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அங்குத் தொழுநோய் மருத்துவமனையும், கப்பலில் வருவோரைத் தனிமைப்படுத்தும் நிலையமும் அமைக்கப்பட்டன. பெரியம்மையும் வாந்திபேதியும் கப்பல் வழியே பரவிய காலம் அது. கப்பல் வந்ததும் மருத்துவர் ஏறிப் பார்ப்பார். பிறகு டெக் பயணிகள் படகுகளில் ஜெரெஜாக்குக்குக் கொண்டுசெல்லப்படுவர். அங்கே குளிக்க வைப்பார்கள், துணிகளுக்கு நோய்க்கிருமி நீக்குவார்கள், அம்மை குத்துவார்கள், கொட்டகைகளில் நாள் கணக்கில் தங்க வைப்பார்கள். கேபின் பயணிகள் பெரும்பாலும் நேரே நகரத்துக்குச் செல்ல விடப்பட்டனர். நோய்க்கிருமி பயணச்சீட்டைப் பார்த்துத் தொற்றுவதில்லை என்பதை அக்கால மருத்துவர்கள் அறியாதவர்கள் அல்லர். ஆயினும், விதி அவ்வாறுதான் நடைமுறைப்படுத்தப்பட்டது.

ஒன்றை இங்கே நேர்மையாகச் சொல்ல வேண்டும். தனிமைப்படுத்துதல் தேவையற்றது என்று கூற முடியாது. நெருக்கமான கப்பலில் ஒருவருக்கு அம்மை கண்டால் தோட்டக் குடியிருப்பு முழுவதும் அது பரவியிருக்கும். நாமும் 2020ஆம் ஆண்டில் கோவிட் காலத்தில் தனிமைப்படுத்தலை அனுபவித்தவர்களே. குறை, நோயைத் தடுத்ததில் இல்லை. அதற்கான சுமையை ஏழைகள் மட்டும் சுமந்ததில்தான் இருக்கிறது. நகரத்தின் விளக்குகள் கண்ணெதிரே தெரிய, அங்கே செல்ல முடியாமல் கொட்டகையில் காத்திருந்த நாள்களைப் பற்றி அவர்கள் எழுதி வைத்தது மிகக் குறைவு. பலருக்கு எழுதத் தெரியாது.

இன்று சுற்றுலாக் கப்பல்கள் தேடிச் செல்லும் தீவுகளுள் பல, ஒரு காலத்தில் மனிதர்களை அடைத்து வைக்கும் இடங்களாகவே இருந்தன. லங்காவிக்கு வடக்கே தாய்லாந்துக்குச் சொந்தமான தாருத்தாவ் தீவு சிறைத்தீவாக இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உணவு கிடைக்காமல் அங்கிருந்த காவலர்களும் கைதிகளும் சேர்ந்து கடற்கொள்ளையில் இறங்கினர். அந்தமானின் செல்லுலார் சிறையை அறியாதவர் இல்லை. சிங்கப்பூரின் செயின்ட் ஜான் தீவிலும் தனிமைப்படுத்தும் நிலையம் இருந்தது. ஜெரெஜாக்கும் 1969 முதல் 1993 வரை சிறைச்சாலையாக விளங்கியது. பிறகு அங்கேயே தங்கும் விடுதி கட்டப்பட்டது. தீவைச் சுற்றியுள்ள நீர் தப்பிச் செல்வதைத் தடுக்கும் வேலி என்று அன்றைய அதிகாரிகள் கருதினர். அதே நீரைக் காட்டித்தான் இன்றைய விளம்பரங்கள் நம்மை அழைக்கின்றன.

ஜெரெஜாக்கிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள் பல வழிகளில் பிரிந்தனர். தோட்டத்துக்குச் செல்வோர் பெருநிலத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்குப் பிறை நிலையத்திலிருந்து கெடாவுக்கும் பேராக்குக்கும் தொடர்வண்டியில் சென்றனர். ஜார்ஜ்டவுன் கடலோரத்தில் மணிக்கூண்டுடன் கூடிய பழைய சுங்கத்துறைக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அது 1909இல் தொடர்வண்டி நிலையமாகக் கட்டப்பட்டது. அதில் பயணச்சீட்டு விற்றார்கள். தண்டவாளம் மட்டும் இல்லை. சீட்டு வாங்கியவர் ஃபெர்ரியில் ஏறிப் பிறைக்குச் சென்று அங்கே வண்டி ஏற வேண்டும். நகரிலேயே தங்கியவர்கள் சூலியா தெருவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் சொந்தக்காரர்களைத் தேடிச் சென்றனர். நாகூர் தர்காவும் குயின் தெருவின் மகா மாரியம்மன் கோயிலும் அப்பகுதியில் அவர்களுக்கு முன்பே வந்து காத்திருந்தன. மற்றவர்கள் அதே கப்பலில் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் தொடர்ந்து சென்றனர்.

கப்பல் ஒரு வழியில் மட்டும் ஆள்களை ஏற்றிச் செல்லவில்லை என்பதையும் மறக்கலாகாது. 1930ஆம் ஆண்டையொட்டி ரப்பர் விலை சரிந்தபோது, வேலை இழந்த பல்லாயிரம் தொழிலாளர்கள் இதே வழியில் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வரும்போது கொண்டுவந்த தகரப்பெட்டியை விடக் கனமான எதையும் பலர் கொண்டு செல்லவில்லை. 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு உதவிப்பணத்தில் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்தது. அதன்பின் தம் சொந்தச் செலவில் வந்தவர்களும் ஊர் சென்று திரும்பியவர்களுமே பயணிகள் ஆயினர்.

போர் வந்தபோது ரஜூலா படைவீரர்களை ஏற்றிச் சென்றது. அதன் உடன்பிறப்பு போல அதே 1926இல் கட்டப்பட்ட ‘ரோனா’ என்ற கப்பலும் இருந்தது. அது 1943 நவம்பர் 26ஆம் நாள் மத்தியதரைக் கடலில், ஜெர்மானிய விமானம் ஏவிய குண்டால் தாக்கப்பட்டு மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அமெரிக்கப் படைவீரர்கள். ரஜூலா தப்பித்து மீண்டும் தன் பழைய வழிக்கே வந்தது. போருக்குப் பிறகு அதில் ஏற்றப்படும் டெக் பயணிகளின் எண்ணிக்கை பெரிதும் குறைக்கப்பட்டது.

1950களிலும் 1960களிலும் ரஜூலா வேறொரு வகைக் கப்பலாக மாறியிருந்தது. தங்கையின் திருமணத்துக்கு ஊர் செல்பவர், மணமுடித்து மனைவியை அழைத்து வருபவர், சேலைகளையும் வெள்ளிப் பாத்திரங்களையும் விற்பனைக்குக் கொண்டுவரும் சிறு வணிகர், தமிழகத்தில் படிக்கச் செல்லும் மாணவர் ஆகியோர் அதில் பயணம் செய்தனர். வழியனுப்பக் கப்பல்துறையில் கூட்டம் நிற்கும். பயணச்சீட்டு வாங்கியவர் ஒருவரானாலும் அழுபவர் பத்துப் பேராவது இருப்பர். ‘ஸ்டேட் ஆப் மெட்ராஸ்’ என்ற இந்தியக் கப்பலும் இதே வழியில் ஓடியது.

1973இல் ரஜூலா இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, அந்தமான் தீவுகளில் உள்ள ஓர் ஊரின் பெயரால் ‘ரங்கத்’ என்று பெயர் மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டே அதை உடைத்துவிட்டார்கள். ஏறத்தாழ 48 ஆண்டுகள் ஓடிய கப்பல் அது. அதன் இடத்தில் ‘சிதம்பரம்’ என்ற கப்பல் வந்தது. 1985 பிப்ரவரியில் அக்கப்பல் வங்காள விரிகுடாவில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அத்துடன் பினாங்குக்கும் தமிழகத்துக்கும் இடையிலான வழக்கமான பயணிகள் கப்பல் சேவை முடிவுற்றது. அதே 1985ஆம் ஆண்டு செப்டம்பரில் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. ஜெரெஜாக் தீவு இன்று அப்பாலத்திலிருந்து பார்த்தால் தெரியும். பாலத்தைக் கடக்கும் வாகனங்களில் இருப்போர் பெரும்பாலும் அதை ஏதோ ஒரு பச்சைத் திட்டு என்றே நினைக்கின்றனர்.

பினாங்கின் பழைய இரட்டைத் தள ஃபெர்ரிகள் அனைத்தும் தீவுகளின் பெயர்களையே தாங்கியிருந்தன: புலாவ் பாயார், புலாவ் காப்பாஸ், புலாவ் ரீமாவ், புலாவ் தாலாங் தாலாங் முதலியவை. அவை ஒருநாளும் அந்தத் தீவுகளுக்குச் சென்றதில்லை. பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையிலேயே ஆயுள் முழுவதும் போய்வந்தன. 2020ஆம் ஆண்டின் இறுதியில் அவற்றின் சேவை நிறுத்தப்பட்டது. 2023இல் வந்த புதிய ஃபெர்ரிகளுக்குப் பினாங்குத் தீவின் விரிகுடாக்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. தெலுக் டூயோங் என்பது அவற்றுள் ஒன்று.

அந்தத் தெலுக் டூயோங்குக்கு நீங்கள் நடந்தே செல்லலாம். தெலுக் பஹாங்கில் உள்ள பினாங்குத் தேசியப் பூங்காவின் நுழைவாயிலிலிருந்து காட்டுப் பாதை கடலோரமாகச் செல்கிறது. குரங்குகள் மிகுந்த அக்கடற்கரையை அடைந்த பிறகு, அங்கிருந்து செங்குத்தான பாதையில் ஏறினால் முக்கா ஹெட் கலங்கரை விளக்கம் வரும். தண்ணீர்ப் புட்டியை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள், ஏற்றம் கடுமையானது. மேலே நின்று மேற்கே பார்த்தால் கடல் மட்டுமே தெரியும். ரஜூலா அந்தத் திசையிலிருந்துதான் வந்தது.